முதலில் டூல்பாக்ஸ் மீட்டிங்குக்கு வாருங்கள்

சிங்கப்பூரில் தலைவர்களுக்குப் பஞ்சம் வர வாய்ப்பே இல்லை. எந்தப் பல்கலைக்கழகத்தின் அறிமுகக் கையேட்டைப் புரட்டினாலும் சில பக்கங்களுக்குள் ‘நாளைய தலைவர்கள்’ வந்துவிடுவார்கள். கோட் போட்டிருப்பார்கள், கண்ணாடிச் சுவர் பக்கத்தில் நின்று சிரிப்பார்கள். இத்தனை பேரும் தலைவர்கள் என்றால் பின்னால் வரப்போவது யார்? அந்த ஆள் எந்தக் கையேட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லை. என் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் கொஞ்சம் தகவல். 2000இல் தொடங்கிய சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம், தலைமைத்துவத்தையும் குழுவாக்கத்தையும் எல்லா மாணவர்களுக்குமான அடிப்படைப் பாடமாக வைத்துப் பெயர் வாங்கியது. 2019இல் அடிப்படைப் பாடத்திட்டத்தையே திருத்தி, ஆற்றல்கள், சமூகங்கள், நாகரிகங்கள் என மூன்று தூண்களை நட்டது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2011இல் ‘மறுமலர்ச்சிப் பொறியியல்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. பொறியாளர்களைத் தலைவர்களாக்குவதுதான் அதன் நோக்கம். வெறும் பொறியாளர் போதாதாம். தேசியப் பல்கலைக்கழகம் 2022இல் பொறியியலையும் வடிவமைப்பையும் ஒரே கல்லூரியாக்கிப் பொதுப் பாடத்திட்டம் போட்டது. ஆக, திருத்தம் என்பது இங்கே அபூர்வமான விஷயமில்லை. பாடத்திட்டத்துக்கு அடிக்கடி பெயிண்ட் அடிக்கிறார்கள். சுவர் எங்கே நிற்கிறது என்பதில்தான் எனக்குப் பிரச்சினை.

நான் படித்த இடத்திலும் (பெயர் எதற்கு, எல்லா இடமும் ஒன்றுதான்) ஒரு பருவம் முழுக்க இது நடந்தது. நீங்கள் எந்த வகை ஆளுமை என்று நான்கு எழுத்தில் சொல்லும் ஒரு சோதனை. பிறகு ஸ்டீவ் ஜாப்ஸ். பிறகு மாற்றத்தைக் கொண்டுவரும் தலைவர், பணிவிடை செய்யும் தலைவர், சூழலுக்கேற்ற தலைவர் என்று சாப்பாட்டுக் கடை மெனு மாதிரி ஒரு பட்டியல். கடைசியில் ‘இந்தப் பயணத்தில் என்னைப் பற்றி நான் அறிந்துகொண்டது’ என்று ஆயிரம் வார்த்தைக் கட்டுரை. கவனியுங்கள், ‘என்னைப் பற்றி’. ஒரு பருவம் முழுக்கத் தலைமை பற்றிப் படித்து, எழுதிக் கொடுப்பது தன்னைப் பற்றி. எதிரில் நிற்கும் மனிதனைப் பற்றி ஒரு வரிகூட யாரும் கேட்கவில்லை.

அந்த மனிதனை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் பார்த்தேன். காலை ஏழே முக்கால், சைட்டில் டூல்பாக்ஸ் மீட்டிங். இருபத்தைந்து வயதுப் பையன் முன்னால் நிற்கிறேன். எதிரில் முப்பது பேர். பாதிப் பேர் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம், மீதி பங்ளாதேஷ். பலருக்கு என் சித்தப்பா வயது. ஃபோர்மேன் பட்டுக்கோட்டைக்காரர், இருபது வருடமாக இங்கே இருக்கிறார். ‘தம்பி, நீங்க பேப்பரைப் படிங்க, நான் சொல்லிக்கிறேன்’ என்றார். நான் ஆங்கிலத்தில் அபாய மதிப்பீட்டைப் படிக்க, அவர் அதைத் தமிழில் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். எல்லாரும் வரிசையில் வந்து கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் தாளில் பெயருக்கு ஒரு பத்தி, பெர்மிட் எண்ணுக்கு ஒரு பத்தி, கையெழுத்துக்கு ஒரு பத்தி. ‘கேட்ட கேள்வி’ என்று ஒரு பத்தி இல்லை. அன்றைக்கு மட்டுமில்லை, நான் இதுவரை பார்த்த எந்தத் தாளிலும் இல்லை.

தலைமை என்ற சொல்லுக்கே நம்மிடம் ஒரு பழைய கணக்கு பாக்கியிருக்கிறது. மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழர்களை அழைத்து வந்தவர் கங்காணி. கண்காணிப்பவர் என்பதுதான் சொல்லின் வேர். ஊரில் ஆள் சேர்த்துக் கப்பல் ஏற்றுவதும் அவர்தான், தோட்டத்தில் வேலை வாங்குவதும் அவர்தான். வேலைக்கு வந்த தலைகளை எண்ணி முதலாளி அவருக்குத் தலைக்காசு கொடுத்தார். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்களை இப்படி அனுப்புவதை நிறுத்தும்வரை இது ஓடியது. அமெரிக்க வணிகப் பள்ளிகளின் கேஸ் ஸ்டடிகளை இறக்குமதி செய்யும் பாடத்திட்டம், இந்தத் தீபகற்பத்திலேயே பல தலைமுறைகள் நடந்த இந்தத் தலைமை முறையைப் பற்றி ஒரு மணி நேரமாவது பேசலாமே? மேலே பதில் சொல்லிக்கொண்டு கீழே அதிகாரம் செலுத்துவது என்றால் என்ன என்பதற்குக் கங்காணியைவிட நல்ல பாடம் எது? சப்ளை கம்பெனி ஆள் லாரியில் ஏற்றி அனுப்பும் தலைகளை எண்ணிக் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு காலையும் எனக்கு அந்தச் சொல் ஞாபகம் வருகிறது.

சரி, கேஸ் ஸ்டடிதான் வேண்டுமென்றால் நம் ஊரிலேயே இருக்கிறது. 2004 ஏப்ரல் 20, மாலை மூன்றரை மணி வாக்கில் நிக்கல் நெடுஞ்சாலை உள்ளே விழுந்தது. வட்ட ரயில் பாதைக்காக ஏறத்தாழ முப்பது மீட்டர் ஆழத்துக்குத் தோண்டியிருந்தார்கள். பக்கவாட்டுச் சுவர்களை உள்ளே சாயவிடாமல் தாங்க, அடுக்கடுக்காக எஃகு உத்திரங்கள். அவை சுவரோடு சேரும் இணைப்பை, தாங்கவேண்டிய சுமைக்குக் குறைவாக வடிவமைத்திருந்தார்கள். மண் அழுத்தத்தைக் கணக்கிட்ட முறையிலும் பிழை. பொறியியல் மாணவர்களுக்கு இவ்வளவும் மண் இயக்கவியல் வகுப்பில் சொல்லிவிடுவார்கள். சொல்லாத பகுதிதான் முக்கியம். சுவர் எதிர்பார்த்ததைவிட அதிகம் வளைகிறது என்று கருவிகள் பல வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தன. எச்சரிக்கை அளவைத் தாண்டியதும் வேலையை நிறுத்தவில்லை. கணக்கைத் திரும்பப் போட்டு எச்சரிக்கை அளவை உயர்த்தினார்கள். விழுந்த அன்று காலையிலிருந்தே இரும்பு சத்தம் போட்டது, கீழே இருந்தவர்களுக்குக் கேட்டது. விசாரணைக் குழு 2005இல் கொடுத்த அறிக்கையில் இதெல்லாம் இருக்கிறது.

நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹெங் இயோ பியோ. ஃபோர்மேன். தன் ஆட்களை மேலே ஏறச் சொல்லி விரட்டிவிட்டு அவர் உள்ளேயே நின்றுவிட்டார். உடல் கிடைக்கவே இல்லை. எந்த ஆளுமைச் சோதனையில் அவருக்கு என்ன நான்கு எழுத்து வந்திருக்கும்? என்னைக் கேட்டால், இந்த நாட்டில் தலைமை பற்றிப் பேசும் எந்தப் பாடமும் இந்த அறிக்கையை முழுசாகப் படிக்காமல் தொடங்கக் கூடாது. எச்சரிக்கை அளவை உயர்த்தியவர்களும் நன்றாகப் படித்தவர்கள்தான். கூட்டத்தில் எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சத்தம் கேட்டது என்று கீழேயிருந்து ஒருவன் சொன்னால் அதை எப்படிக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை.

தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலையில் கொஞ்சம் மேலே நடந்தால் ஓவன் சாலை முனை வரும். 1986 மார்ச் 15 அன்று ஹோட்டல் நியூ வோர்ல்ட் இருந்த ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது அங்கேதான். 33 பேர் இறந்தார்கள். வடிவமைத்தபோது கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்கவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. மேலே வந்து போகும் ஆட்களின் எடையைக் கணக்குப் போட்டுவிட்டு, கட்டடத்தையே தாங்கிக்கொண்டிருக்கும் எடையை மறந்தார்கள். தலைமைப் பாடத்திட்டமும் எனக்கு இப்படித்தான் தெரிகிறது.

‘தம்பி, இது பாதுகாப்புப் பிரச்சினை, தலைமைப் பிரச்சினை இல்லை’ என்பார்கள். மனிதவள அமைச்சே அப்படி நினைக்கவில்லை. 2022இன் முதல் பாதியில் மட்டும் 28 பேர் வேலையிடத்தில் இறந்தபோது, செப்டம்பரில் கூடுதல் பாதுகாப்புக் காலத்தை அறிவித்தார்கள். கடும் விபத்து நடந்த நிறுவனத்தின் தலைமை நிர்வாகி தானே அமைச்சுக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்றார்கள். பிறகு உயர் நிர்வாகிகளுக்கென்றே பாதுகாப்புப் பயிற்சி வகுப்பும் வந்தது. மரணத்துக்கு அப்புறம் ஐம்பது வயதில் உட்கார்ந்து படிக்கும் பாடத்தை இருபது வயதில் படித்தால் என்ன? 2023இல் 36 மரணம், 2024இல் 43. எண் ஏறும் இறங்கும். பாடத்திட்டம் மட்டும் அசையாது.

லிட்டில் இந்தியாவை நாளைய தலைவர்கள் கலாசாரப் பயணத்தின்போது பார்க்கிறார்கள். பூக்கடை, கிளிஜோசியம், ஒரு பிரியாணி. ரேஸ் கோர்ஸ் சாலையில் 2013 டிசம்பர் 8 இரவு, பஸ்ஸின் அடியில் சிக்கி சக்திவேல் குமாரவேலு இறந்ததும், அதையடுத்து நடந்த கலவரமும் அந்தப் பயணத்தில் இல்லை. வேலை, வாழ்க்கை நிலைமைகள்மீதான அதிருப்தி அதற்குக் காரணமல்ல என்றது விசாரணைக் குழு. ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், ஒரு பல்கலைக்கழக வகுப்பு மூன்று வாரம் மோதிக்கொள்ள இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. 2020 டிசம்பரில் வந்த அரசாங்கக் கணக்குப்படி, விடுதிகளில் இருந்த ஊழியர்களில் 47 விழுக்காட்டினருக்குக் கொவிட் தொற்று வந்திருந்தது. அந்த ஆண்டும் தலைமை வகுப்புகள் ஸூமில் தடையில்லாமல் நடந்தன. ‘நெருக்கடி காலத் தலைமை’ என்ற தலைப்பில்.

பாடத்திட்டம் யார் எழுதுவது என்பதும் கேள்விதான். 2021 ஆகஸ்ட் 27 அன்று, யேல்-என்யுஎஸ் கல்லூரியை மூடி, பல்கலைக்கழகத்தின் இன்னொரு திட்டத்தோடு சேர்த்துப் புதுக் கல்லூரி ஆக்கப்போகிறோம் என்று அறிவித்தார்கள். அங்கே படித்தவர்களுக்கும் கற்பித்தவர்களுக்கும் முடிவாகிவிட்ட பிறகுதான் செய்தி வந்தது. விமர்சன சிந்தனைக்கென்று கட்டிய கல்லூரிக்கே இந்த நிலை. மறுபக்கம் இதையும் நினைத்துப் பாருங்கள்: 1950களில், சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை வரப்போகிறது, அதில் முக்கிய மொழி சமஸ்கிருதமா தமிழா என்ற வாதம் எழுந்தது. தமிழ் முரசின் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிகள்கூட வெள்ளி போட்டார்கள். 1956இல் துறை வந்தது, தமிழோடு வந்தது. பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர்கள் பாடத்திட்டத்தைத் திருத்திய கதை இது. இன்றைக்கு அப்படி யாரையாவது கேட்கிறார்களா? ‘தொழில்துறைப் பங்காளிகளை’க் கேட்கிறார்கள். தொழில்துறை என்றால் தொழிலாளி இல்லை, மனிதவளப் பிரிவு.

தலைமையைக் கற்றுத்தரவே முடியாது, பாடத்தையே தூக்கிவிடு என்கிற நண்பர்களும் எனக்கு உண்டு. நான் அந்தக் கட்சியில்லை. தூக்கிவிட்டால் அது மேல்தட்டுப் பள்ளிகளின் மாணவர் மன்றங்களிலும் உபகாரச் சம்பள நேர்காணல்களிலும் மட்டும் சத்தமில்லாமல் கைமாறும். இப்போதே பாதி அப்படித்தான். பாடம் இருக்கட்டும், உள்ளடக்கத்தை மாற்றுங்கள்.

எப்படி என்று கேட்டால், ஆளுமைச் சோதனையை எடுத்துவிட்டு நிக்கல் நெடுஞ்சாலை அறிக்கையை வையுங்கள். ஸ்டீவ் ஜாப்ஸுக்குப் பதில் முகம்மது ஷரிஃப் உத்தினின் ‘ஸ்ட்ரேஞ்சர் டு மைசெல்ஃப்’. கட்டுமானத் துறையில் வேலை பார்த்த ஒரு பங்ளாதேஷ்காரர் சிங்கப்பூரில் எழுதிய நாட்குறிப்பு அது. 2018இல் சிங்கப்பூர் புத்தக விருதும் வாங்கியது. அவருடைய மேலதிகாரிகள் அந்தப் பக்கங்களில் எப்படித் தெரிகிறார்கள் என்று மாணவர்கள் எழுதட்டும், தங்களைப் பற்றி வேண்டாம். இன்டர்ன்ஷிப்பில் நான்கு வாரம் ஒரு ஃபோர்மேனுக்குக் கீழே, அதே லாரியில், அதே பாக்கெட் சாப்பாட்டோடு. மதிப்பெண்ணை அந்த ஃபோர்மேன் போடட்டும். தமிழிலோ வங்காளத்திலோ போடட்டும், மொழிபெயர்க்க நாங்கள் இருக்கிறோம். எல்லாப் பொறியியல் மாணவருக்கும் தமிழிலும் வங்காளத்திலும் ஐம்பது வாக்கியம் கட்டாயம்: ‘நிறுத்துங்க’, ‘என்ன சத்தம் அது’, ‘சாப்பிட்டீங்களா’ இப்படி. இவ்வளவுக்கும் வாரம் இரண்டு மணி நேரம் போதும். இப்போது வீணாவதும் அதே இரண்டு மணி நேரம்தான்.

செலவில்லாத ஒரு திருத்தமும் இருக்கிறது, அதற்கு எந்தக் கல்விக் குழுவின் அனுமதியும் வேண்டாம். டூல்பாக்ஸ் மீட்டிங் தாளில் ஒரு பத்தி கூடுதலாகப் போட்டு, ‘கேட்ட கேள்வி’ என்று மேலே எழுதுங்கள். எங்கள் சைட்டில் இரண்டு மாதமாகப் போடுகிறோம். முதல் மூன்று வாரம் காலியாகவே வந்தது. நான்காவது வாரம் ஒருவர் வங்காளத்தில் ஏதோ எழுதியிருந்தார். படித்துக் காட்ட ஆள் தேடி, மதியம் ஆனது. மூன்றாவது மாடிச் சாரத்தில் ஒரு கிளாம்ப் தளர்ந்திருக்கிறது, நேற்றும் சொன்னேன் என்று இருந்தது.