நான்காவது கட்டத்தில் நிற்பவர்கள் நாம்



தொண்டு நிறுவன ஊழியர்களுக்குத் திட்டம் தீட்டப் பயிற்சி தர வேண்டும் என்ற பேச்சு மறுபடியும் கிளம்பியிருக்கிறது. தரட்டும். நாம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அந்தப் பயிற்சியில் எதைக் கற்றுத் தருகிறார்கள், எந்த மொழியில் தருகிறார்கள், கற்று வந்தவர் யாருக்குக் கணக்குச் சொல்கிறார் என்று கேட்க மின்னி பேயில் வாடகைக்குக் குடியிருக்கும் நமக்கு உரிமை உண்டு. திட்டம் நம் பெயரில்தான் எழுதப்படுகிறது. பணமும் நம் பெயரைச் சொல்லித்தான் வருகிறது.

இந்தப் பயிற்சிகளில் தவறாமல் ஒரு கட்டப் படம் வரும். 1969-ல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனத்துக்காக ஓர் ஆலோசனைக் கம்பெனி வகுத்துக் கொடுத்த படம் அது. 1980-களில் ஜெர்மன் அரசின் தொழில்நுட்ப உதவி நிறுவனம் அதை எடுத்துத் திருத்திக் கொண்டது. பிறகு உலகமெங்கும் பரவிவிட்டது. குறுக்கே நான்கு, நெடுக்கே நான்கு, ஆகப் பதினாறு கட்டங்கள். முதல் வரிசையில் என்ன செய்யப் போகிறோம் என்று எழுத வேண்டும். இரண்டாவதில், செய்ததை எதைக் கொண்டு அளப்பது. மூன்றாவதில், அதற்கு ஆதாரம். நான்காவது, கடைசி வரிசைக்குப் பெயர் 'அனுமானங்கள்'. திட்டக்காரர் கையில் இல்லாதவை, ஆனால் சரியாக நடந்தால்தான் திட்டம் பலிக்கும் என்பவை எல்லாம் அங்கே போகும்.

படிவத்தின்மேல் நமக்குப் பகை கிடையாது. ரயில் ஓடாத தீவில் ரயில்வே படிவங்களோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிற ஆள் நம்மிலே உண்டு. பெயரும் வயதும் ஒழுங்காக எழுதாவிட்டால் சென்னையில் இறங்கியவன் எக்மோரில் தவிப்பான் என்று நமக்குத் தெரியும். கட்டம் போட்டு யோசிப்பது நல்ல பழக்கமே. ஆனால் நான்காவது வரிசையை எழுதுவது யார்? மூன்று நாள் ஓட்டல் கூடத்தில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடக்கும் பயிற்சியில், முதல் மூன்று வரிசைக்கு இரண்டே முக்கால் நாள் போய்விடுகிறது. நான்காவதை மதியச் சாப்பாட்டுக்கும் சான்றிதழுக்கும் நடுவே அவசரமாக நிரப்புகிறார்கள்.

இதன் பலன் நம் வாசலுக்கே வந்தது. ஒரு நிறுவனம் நமது பகுதிக்குக் கழிப்பறைத் திட்டம் கொண்டுவந்தது. எத்தனை கழிப்பறை என்பதற்கு எண் இருந்தது, புகைப்பட ஆதாரத்துக்கு இடம் இருந்தது. தனிக்காரி அணையில் தண்ணீர் வற்றும் கோடை மாதங்களில் இந்த ஊரில் குழாய் தினமும் வராது என்பதும், டிரம்மில் பிடித்த தண்ணீரில் சோறாக்குவதா, கழிப்பறைக்கு ஊற்றுவதா என்று வீட்டுப் பெண்கள் தினம் கணக்குப் போடுகிறார்கள் என்பதும் அதில் இல்லை. வீட்டுக்காரர் சம்மதமில்லாமல் வாடகைக்காரன் சுவரில் ஆணிகூட அடிக்க முடியாது என்பதும் இல்லை. கூட்டத்தைக் காலை பதினோரு மணிக்கு வைத்தார்கள். அந்நேரம் தினக்கூலி மஸ்தூர் எங்கே இருப்பான், வீட்டு வேலைக்குப் போன பெண் எங்கே இருப்பாள்? வந்தவர்கள் நாலு கிழவிகள். அவர்களிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு 'மக்கள் பங்கேற்பு' என்று எழுதிக்கொண்டார்கள். வந்த ஊழியர்களை நாம் திட்டவில்லை. பாவம், நம் பிள்ளைகள் வயதுதான். திட்டம் முடிந்தால் அவர்கள் வேலையும் முடிந்தது. ஊரைத் தெரிந்துகொள்ளும் நேரத்தில் மூட்டை கட்டுகிறார்கள்.

பெரியவர்கள் போட்ட பெரிய திட்டங்கள் மட்டும் என்ன வாழ்ந்தன? 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தத் தீவுகளில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நிக்கோபார் மக்கள் கேட்டது கருவிகள்: மரம் அறுக்க, குடில் கட்ட. கிடைத்தது மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வந்த தகரம். வெயிலில் அடுப்பு, மழையில் பறை. தற்காலிகம் என்று கொடுத்த அந்தக் கொட்டகையில் பலர் ஐந்தாறு ஆண்டுகள் கிடந்தார்கள். 'துஹேத்' என்ற கூட்டுக்குடும்பமாக நிலத்தையும் தென்னையையும் பொதுவில் வைத்து வாழ்ந்தவர்களிடம் தனித்தனிக் குடும்பமாகப் பிரித்துக் காசோலை நீட்டினார்கள். காசும் வந்தது, சண்டையும் வந்தது. துஹேத் எப்படி இயங்குகிறது என்று எழுத எந்தக் கட்டமும் இல்லாமல் போயிற்று.

நம்மவர் கதையும் ஒன்று உண்டு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றைக் கச்சல் தீவில் ரப்பர் மரத்தடியில் குடியமர்த்தினார்கள். 1977-ல் அமைந்த வனத் தோட்ட வளர்ச்சிக் கழகத்தின் கணக்கு இயற்கைக் காட்டு மரத்தை வெட்டி விற்பதை நம்பி நின்றது. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் மரவெட்டுக்குக் கடிவாளம் போட்டது. காட்டைக் காத்தது சரிதான், அதில் நமக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் மரம் நின்றால் மஸ்தூர் சோற்றுக்கு என்ன செய்வான் என்று எவரும் முன்கூட்டி யோசித்து வைக்கவில்லை. கழகம் நஷ்டத்தில் இழுத்துக்கொண்டே கிடந்தது. 2017-ல் அதை மூட மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. 'மரம் எப்போதும் கிடைக்கும்' என்பது ஓர் அனுமானம். அந்த ஒற்றை வரியின் மேல் எத்தனை அடுப்புகள் எரிந்தன!

சொந்த மாநிலத்திலும் அதே சுனாமிக்குப் பிறகு கரையோரம் போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் படகு கொடுத்தார்கள். கடலுக்குப் போகாதவர் வீட்டு வாசலிலும் படகு நின்றது. படகைக் கொடுத்தால் எண்ணிக் காட்டலாம் அல்லவா? இதே நேரத்தில் நாகப்பட்டினத்தில் வேறொன்றும் நடந்தது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் ஸ்நேகா அமைப்பும் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து 2005-ல் ஓர் ஒருங்கிணைப்பு மையம் வைத்தன. கிராமங்களில் தகவல் மையங்கள் திறந்தார்கள். எந்த ஊரில் எது குறைவு, எந்த ஊரில் எது இரண்டு முறை கொட்டப்படுகிறது என்று கேட்டு எழுதினார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது என்கிறோம். அந்த இடம் இங்கே எங்கே?

'கூலிக்காரருக்குத் திட்டம் போடத் தெரியுமா, லாஜிக் புரியுமா' என்று சிலர் மூக்கைச் சுளிக்கிறார்கள். பத்து வீடு சேர்ந்து சீட்டுப் பிடித்து, எவள் எந்த மாதம் எடுப்பாள், எடுத்தவள் கட்டாவிட்டால் யார் பொறுப்பு என்று வகுத்து, ஒரு தாளும் இல்லாமல் நடத்துகிற அக்காமார்களைக் கேட்டுப் பாருங்கள். பொங்கலுக்கு ஊர் போகக் கப்பல் டிக்கெட்டுக்கு எப்போது வரிசையில் நிற்பது, கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமானால் பள்ளிக்கூடத்துக்கு என்ன சொல்வது, இடையில் ஒப்பந்தக்காரர் கூலியை நிறுத்தினால் யாரிடம் கைமாற்று வாங்குவது என்று ஒவ்வொரு குடும்பமும் நான்காவது வரிசையை மனத்தில் எழுதிக்கொண்டுதான் வாழ்கிறது. மேல்படிப்பு படித்தவர்களுக்கு அது கடைசிக் கட்டம். நமக்கு அதுதான் முதல் கட்டம்.

2020-ல் திருத்திய வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் இன்னொரு முடிச்சையும் போட்டுவிட்டது. வெளிநாட்டுப் பணம் வாங்கும் பெரிய நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துத் தரக் கூடாது. ஆகவே தீவில் இருக்கும் சிறு குழுவுக்கு அந்த வழியில் காசு வராது. மெயின்லாண்டு அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியதே இங்கே வந்து இறங்கும் நிலைமை இன்னும் இறுகுகிறது.

ஆகையால் சங்கத்தின் சார்பில் நாம் கேட்பது இதுதான். பயிற்சியை ஓட்டலில் வைக்காமல் குடியிருப்பில் வையுங்கள், மாலை ஏழு மணிக்கு மேல் வையுங்கள், தமிழிலும் நடத்துங்கள். இங்கே இந்தி, வங்காளம், தெலுங்கு பேசும் தொழிலாளர்களுக்கும் அவரவர் மொழியில் நடத்துங்கள். ஊழியர் பத்துப் பேர் உட்கார்ந்தால் எதிரே குடியிருப்புக்காரர் பத்துப் பேர் உட்காரட்டும், அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். நான்காவது வரிசையை முதலில் எழுதுங்கள், நாங்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். ஐலண்டர் கார்டு இல்லாதவன், பட்டா இல்லாதவன், வாடகைக்காரன் எல்லாரும் அதில் வரவேண்டும். எழுதி முடித்த திட்டத்தைப் பணக்கணக்கோடு, பணம் தருபவருக்கு அனுப்பும் முன்பே கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். ஊழியர் சம்பளம் எவ்வளவு, வாடகைக் காருக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்துப் படியுங்கள். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வீட்டில் யாராவது எந்த நிறுவனத்தின் தாளிலாவது கையெழுத்தோ கைநாட்டோ போட்டிருந்தால் அதன் நகலைக் கொண்டுவாருங்கள். நகல் தரவில்லையென்றால், எந்தத் தேதியில் யார் வந்தார்கள், என்ன சொல்லி வாங்கினார்கள் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக் கொண்டுவாருங்கள். எழுதத் தெரியாத தாய்மார்கள் வாயால் சொன்னால் போதும், சங்க நோட்டில் நாமே எழுதிக்கொள்கிறோம்.