சந்தேகத்தின் பலன் யாருக்கு?

கொலைக் குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்பது சட்டம். பொய் வழக்கில் சிக்கும் ஏழைக்கும் அதுவே கேடயம். அதைக் கைவிடச் சொல்லவில்லை நாம்.

ஆனால் தஞ்சைத் தரணியின் கீழவெண்மணியில் நடந்ததென்ன? 1968 டிசம்பர் 25 இரவு, நெல் கூலி கூட்டிக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். 1970ல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட்டு மிராசுதார்களுக்கு 10 ஆண்டுச் சிறை விதித்தது. 1973ல் சென்னை ஹைகோர்ட்டு விடுதலை செய்தது. நிலமும் காரும் உள்ள செல்வந்தர்கள், வேலையாட்கள் இருக்கத் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்களா? இந்த ஐயமும் அத்தீர்ப்பின் காரணங்களில் ஒன்று!

சாட்சியத்தில் ஓட்டை இருந்தால் சந்தேகப்படட்டும். சொத்தைப் பார்த்துப் பிறக்கும் சந்தேகம் நியாயமானதா? ரெட்டியார்சத்திரத்துக் கூலிக்காரன் கூண்டில் நின்றால், ஏழை இதைச் செய்திருக்க மாட்டான் என்று எந்தக் கோர்ட்டாவது ஐயுறுமா?

சந்தேகத்தின் பலன் மனிதனுக்குப் போகட்டும். அவன் பட்டாவுக்குப் போகக்கூடாது!