கைத்தொழில் பக்கம்: பாவித்த தையல் மெசின் வாங்கப்போகும் சகோதரிக்கு



சென்ற மாதம் புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். "அக்கா, எங்கட ஊரில பழைய தையல் மெசின் ஒண்டு விலைக்கு வந்திருக்குது. புதுசு வாங்கிறதெண்டால் லோன் எடுக்கவேணும். லோன் தாறம் எண்டு ஆக்கள் வீட்டுக்கே வருகினம். நான் என்ன செய்யிறது?" என்பது அவரது கேள்வி. கணவரை இழந்தவர். பிள்ளைகள் இருவர் படிக்கிறார்கள். இதே கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கும் என்பதால் இம்மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

சோதித்துப் பார்த்து, கையிலுள்ள காசுக்கு வாங்கும் பழைய மெசின், கடனுக்கு வாங்கும் புது மெசினைவிட நல்லது. இதுவே என் பதில். ஆனால் சோதித்துப் பார்க்க மறக்கக்கூடாது. நான் ஒருமுறை மறந்தேன்.

இறுதி யுத்த காலத்தில் அம்மாவின் மெசினைத் தலையை மட்டும் கழற்றி, உரப்பையில் சுற்றி, விசுவமடு வரை கொண்டுபோனோம். அதற்கப்பால் தூக்க முடியவில்லை. மீள்குடியேறி 2011 இல் பளபளவென்று கறுப்புப் பெயின்ற் அடித்த ஒரு மெசினைக் கண்டபோது அம்மாவின் மெசினே திரும்பி வந்ததுபோல இருந்தது. ஒரு தையல்கூடப் போட்டுப் பார்க்காமல் காசைக் கொடுத்தேன். வீட்டில் வைத்துத் தைத்தால் துணி நகரவில்லை. துணியைத் தள்ளும் பல்லு தேய்ந்து வழுவழுவென்றிருந்தது. உள்ளே இருந்ததோ பழைய காலத்து நீட்டுப் பொபின். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தேடினேன், கிடைக்கவில்லை. ஆறு மாதம் அந்த மெசின் மூலையில் கிடந்தது.

ஆகவே பெயின்ரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதேபோல வயதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். சிங்கர் மெசின்கள் 1877 முதல் இலங்கையில் விற்கப்படுகின்றன. ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்கில் இருந்த பெரிய சிங்கர் தொழிற்சாலை 1980 இலேயே மூடப்பட்டுவிட்டது. அங்கே செய்த மெசின்கள் இன்றும் தைக்கின்றன. இரும்பு, உருக்குப் பாகங்கள் என்பதால் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டால் மீண்டும் ஓடும். நாம் பார்க்கவேண்டியது தேய்மானத்தை.

பார்க்கப் போகும்போது ஒரு புது ஊசி, நூல், மெல்லிய துணித் துண்டு, தடித்த துணித் துண்டு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள்.

முதலில் நூல் கோர்க்காமல் சக்கரத்தைக் கையால் உங்கள் பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். சீராக இறுக்கமாக இருந்தால் பழைய எண்ணெய் காய்ந்திருக்கலாம். அது மண்ணெண்ணெயில் கழுவினால் போய்விடும். ஒரே இடத்தில் வந்து முட்டினால் உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது.

இரண்டாவது, ஊசி பூட்டும் தண்டைப் பிடித்து அசையுங்கள். கடகடவென்று ஆடினால் தையல் விட்டுவிட்டு விழும். மூன்றாவது, பல்லை விரலால் தடவுங்கள். கூராக, அரம்போல இருக்கவேண்டும். நான்காவது, பொபினைக் கழற்றிப் பாருங்கள். வட்டப் பொபின் என்றால் நல்லது. பெட்டி இருக்கிறதா, அதே பொபின் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று காசு கொடுக்க முன்னரே விசாரியுங்கள். ஐந்தாவது, வார்ப்பிரும்பில் வெடிப்போ ஒட்டுப்போட்ட இடமோ இருந்தால் அந்த மெசின் வேண்டாம். மேசையும் காலும் பழுதென்றால் பரவாயில்லை. பலகையைத் தச்சரிடம் செய்யலாம், தோல்பட்டியை மாற்றலாம்.

கடைசியாகத் தைத்துப் பாருங்கள். மேல் நூலும் பொபின் நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பிடிக்கவேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரிந்தால் நல்ல தையல். கீழே நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் மேல் நூலின் இறுக்கத்தில் குறை, பெரும்பாலும் திருத்தலாம். தையல் விட்டுவிட்டு விழுந்தால் கொண்டுபோன புது ஊசியைப் பூட்டுங்கள். ஊசியின் நீளத் தவாளிப்பு உள்ள பக்கத்திலிருந்துதான் நூல் கோர்க்கவேண்டும். பாதிப் "பழுது" இவ்விரண்டிலும் தீர்ந்துவிடும். அதன் பிறகும் தவறினால் விட்டுவிடுங்கள்.

வாங்கியபின் மற்றச் சாமான்களை ஒரேயடியாக வாங்க வேண்டாம். முதலில் மெசின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் விடவே கூடாது. அது நாளடைவில் பிசினாக இறுகிவிடும். பிறகு ஊசிகள்: மெல்லிய துணிக்கு 11, சீருடைத் துணிக்கு 14, தடித்த துணிக்கு 16, டெனிமுக்கும் பைக்கும் 18. பத்துப் பொபின், அளவு நாடா, சிறிய திருப்புளி, துணிக்கு மட்டும் ஒரு கத்தரிக்கோல். இவை போதும். சிப் தைக்கும் பாதம், ஓவர்லொக் மெசின் எல்லாம் தையற்கூலியில் வாங்கவேண்டியவை. அரசு பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி கொடுக்கிறது. அதைத் தைக்க ஊரில் ஆள் வேண்டும். முதல் வருமானம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

மோட்டார் பூட்டவும் அவசரப்படாதீர்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாதபோதும் கால்மிதி மெசின்கள் ஓடின. யுத்தத்தில் காலை இழந்த சகோதரிகளுக்கோ கையால் சுற்றும் பிடி பூட்டலாம், அல்லது மோட்டார் பூட்டி, அதன் மிதியை மற்றக் காலுக்கு எட்டும் இடத்தில் வைக்கலாம். மெசின் வாங்குமுன் அதன் சக்கரம் பிடி பூட்டக்கூடியதா என்று திருத்துபவரிடம் கேளுங்கள்.

இனிக் கடன். சாமானைத் தவணைக்கு விற்கும் முறையை 1856 இல் பெரிதாகப் பரப்பியதே சிங்கர் கம்பனிதான். தவணை என்பது மெசினோடு கூடவே வளர்ந்தது. அதில் கணக்குப் பார்க்கத் தெரியவேண்டும். 50,000 ரூபாவுக்கு "மாதம் 2 வீதம்தான்" என்பார்கள். முழுத்தொகைக்கும் 12 மாத வட்டி 12,000 ரூபா. ஆனால் நீங்கள் மாதாமாதம் முதலையும் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பதால் முழு 50,000 ரூபாவும் உங்கள் கையில் இருப்பது முதல் மாதம் மட்டும்தான். உண்மையான வருட வட்டி 40 வீதத்தைத் தாண்டும். நுண்கடனில் எத்தனை பெண்கள் நொந்துபோனார்கள் என்பது நமக்குத் தெரியும். 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே தீர்மானிக்கவேண்டி வந்தது.

தையலில் வேலை வரும் மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. தவணைக்காரர் எல்லா மாதமும் வருவார். கடனில்லாத மெசின் வேலையில்லாத மாதத்தில் சும்மா நிற்கும். உங்களிடம் ஒன்றும் கேட்காது.

எனவே, புதுக்குடியிருப்புச் சகோதரியே, லோன்காரரிடம் "பிறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பழைய மெசினைப் போய்ப் பாருங்கள். தனியாகப் போகாமல் தையல் தெரிந்த ஒருவரையும் கூட்டிப் போங்கள். இந்தப் பக்கத்தையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். தைத்துப் பார்க்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அடுத்த மாதம்: பாடசாலைச் சீருடைக்குத் துணி வீணாகாமல் வெட்டுவது எப்படி?