300 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரமா?

சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பயணிகள் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். கணக்குப்படி 25 நிமிடங்கள் போதும். ஆனால், பயணச்சீட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறிப்பிடப்பட்டிருக்கும்.

சென்னையுடன் ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். சிங்கப்பூரிலிருந்து சென்னை சுமார் 2,900 கிலோமீட்டர். தொலைவு கிட்டத்தட்ட பத்து மடங்கு. பயண நேரமோ ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான்.

காரணம், அட்டவணையில் உள்ள நேரம் பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் புறப்படும் இடத்திலிருந்து நகர்வதில் தொடங்கி, சென்றடைந்து நிற்பது வரை அனைத்தும் அதில் அடங்கும். ஓடுபாதைக்குச் செல்வது, முறைக்காகக் காத்திருப்பது, மேலெழுவது, தரையிறங்குவது ஆகியவற்றுக்கான நேரம், பயணம் குறுகியது என்பதற்காகப் பெரிதாகக் குறைவதில்லை.

விமானத்துக்கு வெளியே செலவாகும் நேரம் இதைவிட அதிகம். சாங்கிக்குச் செல்லும் நேரம், இரண்டு மணி நேரம் முன்னதாகச் செல்லும் வழக்கம், இரு முனைகளிலும் குடிநுழைவுச் சோதனை, பயணப்பெட்டிக்கான காத்திருப்பு, பிறகு 50 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள நகரத்துக்கு அரை மணி நேர ரயில் பயணம். வீட்டிலிருந்து கணக்கிட்டால் மொத்தம் ஐந்து மணி நேரத்தை நெருங்கும். எல்லையில் நெரிசல் இல்லாத நாளில் பேருந்தும் ஏறத்தாழ அதே நேரத்தில் சென்றுவிடும், குறைந்த கட்டணத்தில்.

இந்தப் பின்னணியில்தான் அதிவேக ரயில் திட்டத்தைப் பார்க்க வேண்டும். 2016 டிசம்பரில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 350 கிலோமீட்டர் தடத்தில் 90 நிமிடப் பயணத்தை இலக்காகக் கொண்டிருந்தது. 2020 டிசம்பர் 31ஆம் தேதியுடன் அது முடிவுக்கு வந்தது. மலேசியா 102.8 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் இழப்பீடு வழங்கியது. 2023இல் தனியார் நிறுவனங்களிடம் புதிய யோசனைகளை மலேசியா கோரியதால், திட்டம் மீண்டும் பேசுபொருளானது.

ரயில் விமானத்தைவிட மெதுவானது. இருந்தும் பயணியை முன்னதாகக் கொண்டு சேர்க்க அதனால் முடியும். ஜூரோங் ஈஸ்ட் போன்ற நகர்ப்புற நிலையத்தில் ஏறலாம். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைகளையும் ரயில் ஏறுமுன் ஒரே இடத்தில் முடிக்கலாம். திட்டத்தின் உண்மையான பலன் இதுதான்.

2026 இறுதிக்குள் தொடங்கத் திட்டமிடப்பட்ட ஜொகூர் பாரு - உட்லண்ட்ஸ் ஆர்டிஎஸ் ரயிலும் இதே முறையைப் பின்பற்றும். அதன் தடம் நான்கு கிலோமீட்டர்தான், பயணம் ஏறத்தாழ ஐந்து நிமிடம். உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் 2024 மார்ச் முதல் கடப்பிதழுக்குப் பதிலாகக் கியூஆர் குறியீட்டைப் பயன்படுத்தவும் வழி செய்யப்பட்டுள்ளது. எந்த வாகனத்தின் வேகத்தையும் கூட்டாமலேயே பயண நேரத்தைக் குறைக்கும் ஏற்பாடு இது.

விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவர்களும் வார இறுதியில் குடும்பத்தைக் காணச் செல்லும் ஊழியர்களும் இந்தத் தடத்தில் ஏராளம். அதிவேக ரயில் பற்றிய அடுத்த அறிவிப்பு வரும்போது வேகத்தை மட்டும் பார்க்காமல் இரண்டு கேள்விகளை நாம் கேட்க வேண்டும்: நிலையம் நகரத்துக்குள் இருக்குமா? எத்தனை முறை வரிசையில் நிற்க வேண்டும்?