குந்தி எழுவதில் வெட்கமா?

வீதி மூடிக்கிடந்த காலங்களை விடுத்துப் பார்த்தால், கண்டி வீதியால் யாழ்ப்பாணம் நோக்கி வரும் வண்டிகள் முறிகண்டியில் நில்லாது போவது அரிது. சாரதி இறங்குவார், அவர் பின்னே பிரயாணிகளும் இறங்குவர். தேங்காய் உடையும், கற்பூரம் எரியும். அதன் பின்னர், மடிப்புக் கலையாத காற்சட்டை அணிந்த உத்தியோகத்தரும், சேலைத்தலைப்பை இடுப்பிற் செருகிய அம்மையாரும், நித்திரை முற்றாகத் தெளியாத பிள்ளையும் காதுகளைக் கைமாறிப் பிடித்துக்கொண்டு, தெருவோரத்தில், ஊரார் காண, மூன்று முறை குந்தி எழுவர். எவரும் எவரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. கச்சான் விற்கும் பெண்கள் தலை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.

அதே உத்தியோகத்தரைக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ உள்ள உடற்பயிற்சிக் கூடமொன்றில் மாலை வேளையிற் கண்டால் அவர் வேறொரு மனிதர். மார்பையும் புயத்தையும் வளர்க்கும் கருவிகளிடத்தே அவருக்குத் தயக்கம் ஏதுமில்லை. இரும்பை உயர்த்துவார், கண்ணாடியில் தம்மைத் தாமே பார்த்தும் கொள்வார். ஆயின், மல்லாந்து படுத்து முழந்தாளை மடக்கி இடுப்பை மேலே உயர்த்துமாறு பயிற்றுநர் சொன்னதும் நாற்புறமும் நோக்குகிறார். கைகளையும் முழந்தாள்களையும் நிலத்தில் ஊன்றி ஒரு காலைப் பின்னே உதைக்கும் பயிற்சி ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் அதற்குக் கழுதையுதை என்றே பெயர். ஒருக்களித்துப் படுத்துச் சிப்பி வாய் திறப்பதுபோல் முழந்தாளை விரிப்பது இன்னொன்று. பாரமான இரும்புத் தண்டை மடியில் வைத்துக்கொண்டு இடுப்பை ஏற்றி இறக்குவது மற்றொன்று. இவற்றைச் செய்யும்போது எவரும் கம்பீரமாகத் தோன்றுவதில்லை என்பது உண்மையே.

இவை எந்த உறுப்புக்கான பயிற்சிகள் என்று எழுதுவதற்கே பேனா சற்றுத் தயங்குகிறது. பேச்சு வழக்கிலுள்ள சொல்லைக் குடும்பப் பகுதியில் அச்சேற்ற இயலாது. 'பிட்டம்' என்று இலக்கணமாக எழுதினாலோ, நம்மவரிற் பாதிப் பேருக்குக் காலை உணவு நினைவுக்கு வந்துவிடும். எனினும் பிட்டத்தசை என்றே எழுதி மேலே செல்வோம்.

மனித உடலிலுள்ள தசைகளுட் பெரியது இதுவே. நாற்காலியிலிருந்து எழும்போதும், படி ஏறும்போதும், ஓடும்போதும், குனிந்து நிமிரும்போதும் உடலைத் தூக்கி நிறுத்துவது இதன் வேலை. சமநிலத்தில் மெல்ல நடக்கும்போது இது பெரிதாக உழைப்பதில்லை. ஆதலால், குளக்கட்டில் நாள்தோறும் காலையில் நடந்து வருகிறோமே, அது போதாதா என்று கேட்பவர்களுக்கு, இத்தசையைப் பொறுத்தவரையிற் போதாது என்பதே விடை. இதனடியில் மறைந்துள்ள சிறிய தசையொன்று, நாம் ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் இடுப்பு மறுபக்கம் சரியாதபடி பிடித்துக்கொள்கிறது. அது வலிவிழந்தால் நடை தள்ளாடும். திரெண்டலென்பர்க் என்னும் ஜேர்மானிய சத்திரவைத்தியர் 1895 ஆம் ஆண்டிலேயே இதனை விளக்கி எழுதினார்; நோயாளியை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பார்க்கும் அவரது சோதனையை வைத்தியர்கள் இன்றும் கைக்கொள்கின்றனர்.

நம் முன்னோருக்கு இத்தகைய பயிற்சிக்கென்று தனி நேரம் வேண்டியிருக்கவில்லை. திருவலையிற் குந்தியிருந்து தேங்காய் துருவினர், அம்மியடியிற் குந்தினர், வயலிற் குனிந்து களை பிடுங்கினர், கிணற்றடியிற் குந்திப் பாத்திரம் துலக்கினர். நாள் ஒன்றுக்கு எத்தனை முறை குந்தி எழுந்தார்கள் என்று எவரும் எண்ணியதில்லை. இப்பொழுது குசினி மேடை இடுப்பளவுக்கு உயர்ந்துவிட்டது. மலசலகூடத்திலும் நாற்காலி வந்துவிட்டது. வயலுக்குப் போவதும் மோட்டார் சைக்கிளில். இவற்றைக் குறை கூற நாம் வரவில்லை. அம்மியோடு போராடிய பெண்களைக் கேட்டால் நமக்குத் தக்க மறுமொழி கிடைக்கும். ஆனால், அந்த உழைப்பு நம்மை விட்டு நீங்கியபோது அதனோடு நீங்கிய வலிவை வேறெவ்வகையிலேனும் ஈடு செய்தாக வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பலர் நாரி உளைவென்றும் முழந்தாள் உளைவென்றும் வைத்தியசாலைக்குப் போகிறார்கள். அங்கே இயன்மருத்துவர் எழுதித் தரும் பயிற்சிகளுள், நாம் மேலே நகைத்த பயிற்சிகளே பெரும்பாலும் இருக்கும்.

எழுதித் தந்த தாள் வீட்டிலே சுவாமிப் படத்தின் பின்னால் பத்திரமாக இருக்கும், பயிற்சிதான் நடைபெறாது. நமக்குத் தெரிந்த தாயார் ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை நடந்தது. வீட்டில் கதவுள்ள அறை ஒன்றுதான். அதில் மகனும் மருமகளும். விறாந்தையிற் பாய் விரித்துப் படுத்து இடுப்பை உயர்த்தினால் படலையடியிற் போவோர் பார்ப்பார்களே என்று அவர் மூன்றாம் நாளே நிறுத்திவிட்டார். அவரை நாம் குறை கூறமாட்டோம். வெட்கமென்பது அவருடைய பிடிவாதமன்று. அறுபது ஆண்டுகள் ஊர் அவருக்குக் கற்பித்த பாடம். குறை யாரிடம் என்றால், மாலையில் ஒரு கால்மணி நேரம் அறையை ஒழித்துக் கொடுக்க வேண்டுமென்று நினையாத வீட்டாரிடமே. தாயாருக்கு மருந்து வாங்க வவுனியா வரை போய்வரும் பிள்ளைகளுக்கு, அறைக்கதவைச் சாத்திக் கொடுக்கத் தோன்றவில்லை!

அசைவு ஒன்றுதான், அதனை யார் முன்னே செய்கிறோம் என்பதிலேதான் வெட்கம் பிறக்கிறது. கோயில்களிற் கந்தபுராணப் படிப்புக் கேட்டவர்கள் இதனை அறிவார்கள். கயமுகாசுரன் தேவர்களைத் தன் முன்னே தலையிற் குட்டித் தோப்புக்கரணம் போடச் செய்தான். அது அவர்களுக்கு அவமானம். அவன் அழிந்த பின்னர், அதே தேவர்கள் அதே செயலை விநாயகப்பெருமான் முன்னிலையிற் செய்தனர், அது வழிபாடாயிற்று. காதும் அதே காது, முழந்தாளும் அதே முழந்தாள். வேறொரு கதையும் உண்டு. திருமாலின் சக்கரத்தைப் பிள்ளையார் விழுங்கிவிட, அவரைச் சிரிக்க வைத்தால் அது வெளியே விழும் என்று கருதித் திருமால் காதைப் பிடித்துக்கொண்டு குந்திக் குந்தி எழுந்தாராம். பிள்ளையாரும் சிரித்தார், சக்கரமும் விழுந்தது. அக்கதையின்படி, பார்ப்பவர் சிரிக்கவேண்டுமென்றே உண்டான பயிற்சி இது! தோப்புக்கரணத்தால் மூளை வளரும் என்று இக்காலத்தில் வெளிநாட்டாரும் புத்தகம் எழுதுகின்றனர். அதனை நாம் ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. தொடையும் பிட்டத்தசையும் வலிவுறும் என்பதில் ஐயமில்லை. நமக்கு அது போதும். பள்ளிக்கூடங்களிலே அதனைத் தண்டனையாக்கிக் கயமுகன் பக்கம் சேர்த்துவிட்டது ஆசிரிய உலகம் செய்த பெரும் பிழை.

பார்ப்பவர்கள் உண்மையில் எவ்வளவு பார்க்கிறார்கள்? அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்து உளநூல் அறிஞர் தோமஸ் கிலோவிச்சும் அவருடைய கூட்டாளிகளும் இதனை ஆராய்ந்து 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பாரி மனிலோ என்னும் பாடகரின் படம் பொறித்த சட்டையை ஒரு மாணவனுக்கு அணிவித்து, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினர். அச்சட்டையை அணிவது மாணவர்களுக்கு நாணமான காரியம். அறையிலுள்ளோரில் எத்தனை பேர் படத்தைக் கவனித்திருப்பர் என்று கேட்டபோது, அணிந்தவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர் என்றனர். உண்மையிற் கவனித்தவர்கள் காற்பங்கினர் அளவிலேயே இருந்தனர். உடற்பயிற்சிக் கூடத்தில் நமக்கு எதிரே நிற்பவரும் தம் தொந்தியைப் பற்றிய கவலையிலேதான் பெரும்பாலும் இருக்கிறார்.

ஆயினும் அவ்வாராய்ச்சி நடந்த நாளிற் சட்டைப்பையில் நிழற்படக் கருவியை எவரும் கொண்டு திரியவில்லை. இன்று ஒவ்வொருவர் கையிலும் அது இருக்கிறது. தாம் பயிற்சி செய்வதை ஒருவன் கைத்தொலைபேசியில் எடுத்து ஊரெங்கும் அனுப்பிவிடுவானோ என்று ஓர் இளம்பெண் அஞ்சுவாளானால், அதனை வீண் அச்சமென்று தள்ளிவிட முடியாது. கூடம் நடத்துவோர் கைத்தொலைபேசியை வாசலிலே வாங்கி வைக்கட்டும். பெண்களுக்கென நேரம் ஒதுக்கினால், அந்நேரத்தில் ஆண்கள் எட்டிப்பாராதிருக்கவும் வழி செய்யட்டும்.

வன்னியிலே இவ்விடயம் அழகைப் பற்றியதன்று. யுத்தத்திற் கால் இழந்தவர்கள் நம் கிராமங்கள் தோறும் இருக்கின்றனர். முழந்தாளுக்கு மேலே காலை இழந்தவருக்குச் செயற்கைக் காலை இயக்குவது, எஞ்சிய தொடையோடு சேர்ந்த இடுப்புத் தசைகளே. பிட்டத்தசை வலிவாக இருந்தாற்றான் ஊன்றிய செயற்கைக் கால் மடிந்து போகாமல் நிற்கும். பக்கத்துத் தசை வலிவாக இருந்தாற்றான் உடல் ஒருபுறம் சாயாமல் நடக்கலாம். நெடுநேரம் கதிரையில் இருந்தே காலம் கழிப்பவருக்கு இடுப்பு மடிந்தபடியே இறுகிவிடும். ஆகையாற் குப்புறப் படுத்து, எஞ்சிய தொடையைப் பின்புறமாக மேலே உயர்த்தும் பயிற்சியை விடாது செய்யவேண்டும். இராமச்சந்திர சர்மா என்ற சிற்பியும் சேத்தி என்ற சத்திரவைத்தியரும் 1960களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூர்க் காலை உருவாக்கியபோது, நம்மைப் போன்றோர் குந்தவும், சப்பாணி கட்டியிருக்கவும், வெறுங்காலோடு வயல் வரம்பில் நடக்கவும் வேண்டுமே என்பதையே கருத்திற் கொண்டனர். மேலைநாட்டுச் செயற்கைக் கால்கள் சப்பாத்துக்கும் நாற்காலிக்குமாகச் செய்யப்பட்டவை. 1981 இல் சேத்திக்கு மகசாய்சாய் விருது கிடைத்தது. ஆனால் எந்தக் காலைப் பூட்டினாலும், அதனை இழுத்துச் செல்லும் தசையைப் பூட்டுவார் எவருமில்லை. அதனை வளர்த்தே ஆகவேண்டும்.

நம்மிடம் படித்த இளைஞர் ஒருவர் 2009 இல் இடக்காலை இழந்தவர். அவர் கூடமொன்றுக்கு இரவில், மூடும் நேரம் பார்த்தே போய்வந்தார். காரணம் கேட்டோம். "கால் இல்லையெண்டது ஊருக்கே தெரியும், சேர். அதுக்கு வெக்கமில்லை. குப்புறக் கிடந்து பின்பக்கத்தை உயர்த்திறதுதான் ஏலாமக் கிடக்கு" என்றார். சில மாதங்களின் பின்னர் அவரை மாலை ஆறு மணிக்கு, கூட்டம் நிறைந்த நேரத்திலே, அங்கே கண்டோம். என்ன மாற்றம் என்று வினவியபோது பெரிதாக ஒன்றுமில்லை என்றார். ஒருநாள் இரவு, இரண்டு காலும் உள்ள பையன் ஒருவன், நாரி உளைவுக்கு அதே பயிற்சியைச் செய்யவேண்டி வந்தவன், பக்கத்திலே பாயைப் போட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டு, "எத்தனை தரம், அண்ணை?" என்று கேட்டானாம். பதினைந்து என்று இவர் சொன்னாராம். இருவருமாக எண்ணிச் செய்திருக்கிறார்கள்.