அண்ணாந்து பார்த்த பிறகு

புது மருமகள் வீட்டுக்கு வந்த மறுநாள் தெருவில் என்ன பேச்சு நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? "பெண் நல்ல உயரம்" என்பாள் ஒருத்தி. "மூக்குத்தான் கொஞ்சம் சப்பை" என்பாள் இன்னொருத்தி. "நகை எத்தனை சவரனாம்?" என்று விசாரிப்பாள் மூன்றாமவள். ஊரில் புதிதாக ஒரு பெரிய சிலை எழுந்தாலும் இதே கதைதான். உயரம், முகம், செலவு ஆகிய மூன்றையும் அலசித் தீர்க்காமல் ஜனங்கள் ஓய மாட்டார்கள்.

அரூர் பஸ் நிலையத்தில், சித்தேரி மலைக்குப் போகும் பஸ்ஸுக்காகக் காத்திருந்த ஒரு குடும்பத்தின் பேச்சு காதில் விழுந்தது. அடுத்த சேலம் மாவட்டத்தில், புத்திரகவுண்டன்பாளையத்தில் நிற்கும் முத்துமலை முருகனைத் தரிசித்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

"146 அடியாம் ஆயா! பாத்துப் பாத்துக் கழுத்தே வலிக்குது" என்றாள் பேத்தி.

"உசரம் கெடக்கட்டும் கண்ணு. மொகம் இன்னும் கொஞ்சம் சின்னதா இருந்திருக்கலாம்" என்றாள் பாட்டி.

மருமகள் இடுப்புக் குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள். "அவ்வளவு பணம் இருந்தா நம்ம மலைக்கு ரோடு போட்டிருக்கலாம் அத்தே" என்றாள்.

மூன்று பேரும் சொன்னதில் எதையும் தள்ளிவிட முடியாது. ஆனால் மூன்றும் ஒரே தரமான பேச்சும் அல்ல.

முதலில் உயரம். இது குழந்தைகளுக்கும், குழந்தை மனம் மாறாத பெரியவர்களுக்கும் உள்ள சந்தோஷம். மலேசியாவில் பத்துமலை அடிவாரத்தில் 2006-இல் முருகன் சிலை எழுந்தபோது அதன் உயரம் 140 அடி. அதைச் செய்த திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதியே முத்துமலைச் சிலையையும் செய்தார். 2022 ஏப்ரல் 6-ஆம் தேதி குடமுழுக்கு நடந்தபோது, "பத்துமலையைவிட ஆறு அடி கூட!" என்ற பெருமைதான் எல்லார் வாயிலும். இருக்கட்டுமே! இந்தப் பெருமையால் யாருக்கு என்ன நஷ்டம்?

அடிக்கணக்கிலும் அர்த்தம் வைத்தவர் ஒருவர் உண்டு. கன்னியாகுமரியில் திருவள்ளுவர் சிலையை அமைத்த கணபதி ஸ்தபதிதான் அவர். பீடம் 38 அடி. அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38. அதன்மேல் சிலை 95 அடி. பொருளும் இன்பமும் சேர்ந்தால் 95. ஆக மொத்தம் 133. அடுத்த தடவை குழந்தைகளை அங்கே அழைத்துப் போகும்போது இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். திருக்குறளுக்கு எத்தனை அதிகாரம் என்பது ஆயுசுக்கும் மறக்காது.

இரண்டாவது, முகம். பாட்டி சொன்னது அவர் கண்ணுக்கு வாஸ்தவம். ஆனால் ஸ்தபதியின் கஷ்டத்தையும் கேளுங்கள். நூறு அடிக்கு மேலே இருக்கும் தலையை நாம் காலடியில் நின்று பார்க்கிறோம். மனித உடம்பின் அளவுப்படியே தலையை அமைத்தால், கீழிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சிறுத்துத் தோன்றும். அதனால் பெரிய சிலைகளில் மேலே போகப் போக அளவைச் சற்றுக் கூட்டுவார்கள். அப்படிச் செய்ததைத் தூரத்தில் நின்று பார்த்தால் தலை பெரிதாகத் தெரியும். சிற்பி எந்த இடத்தில் நிற்பவருக்காகச் செய்தார் என்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதுதான் நியாயம்.

எப்படியானாலும், கண்ணுக்குப் படாதது நாளடைவில் பழகிவிடும். பத்துமலையின் 272 படிகளுக்கும் 2018-இல் வானவில் மாதிரிப் பல வர்ணம் பூசினார்கள். அனுமதி வாங்கவில்லை என்று மலேசியப் பாரம்பரியத் துறை கண்டித்தது. "கோயிலா, பொம்மைக் கடையா?" என்று முகம் சுளித்தவர்களும் இருந்திருப்பார்கள். இன்றோ அந்தப் படிகளில் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் திரும்புவதில்லை.

பழகிப்போவதில் இன்னொரு விபரீதமும் உண்டு. பழகிய சிலையை நாம் பார்ப்பதே இல்லை. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் பத்துச் சிலைகள் வைத்தார்கள். அவற்றில் பெண்கள் இருவர்தாம்: ஒளவையாரும் கண்ணகியும். கையில் சிலம்பை உயர்த்தி நியாயம் கேட்டு நின்ற கண்ணகியைத் தாண்டி முப்பத்து மூன்று வருஷம் எத்தனையோ பேர் சுண்டல் கொறித்துக்கொண்டு நடந்தார்கள். 2001 டிசம்பரில் ஒரு லாரி பீடத்தில் மோதிற்று. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சொல்லிச் சிலையையே எடுத்துவிட்டார்கள். அப்புறம்தான் ஊர் விழித்துக்கொண்டது. சட்டசபையிலும் பத்திரிகையிலும் வீட்டுத் திண்ணையிலும் அதே பேச்சு. எழும்பூர் மியூசியத்தில் இருந்த கண்ணகி 2006 ஜூனில் கடற்கரைக்குத் திரும்பினாள். நின்றபோது கவனிக்காதவர்கள், நிற்காதபோது கலங்கினார்கள். குடும்பங்களிலும் இது நடப்பதுதானே!

ஆக, உயரத்தின் வியப்பு ஓய்ந்துவிடும். முகத்தைப் பற்றிய குறை பழகிவிடும். மூன்றாவது பேச்சு இருக்கிறதே, அது மட்டும் பழகுவதில்லை.

சித்தேரி மருமகள் சொன்னதைப் பொறாமை என்று தள்ளாதீர்கள். அந்த மலையின் சிற்றூர்கள் பலவற்றில் நல்ல பாதை இல்லாமல், நோயாளியையும் பிரசவ வேதனையில் இருப்பவளையும் தூளி கட்டிச் சுமந்து இறக்கிய காலம் உண்டு. அதைக் கண்டவளுக்கு எந்தப் பெரிய செலவைப் பார்த்தாலும் ரோடுதான் ஞாபகம் வரும். முத்துமலை முருகன் மீது அந்தக் குறையைச் சுமத்த முடியாது. அது தனியார் எழுப்பிய கோயில், அரசாங்கக் கஜானாப் பணமல்ல. ஆனால் பொதுப் பணத்தில் ஒரு சிலை எழும்போது அவளுடைய கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

குஜராத்தில், நர்மதைக் கரையில் சர்தார் படேலுக்கு 182 மீட்டரில், ஏறக்குறைய 600 அடியில், உலகத்திலேயே உயரமான சிலையை 2018 அக்டோபர் 31-இல் திறந்தார்கள். செலவு சுமார் 3,000 கோடி ரூபாய். படேலின் பெருமைக்கு அது தகும் என்று தேசம் முழுவதும் மகிழ்ந்தவர்கள் ஏராளம். இன்றும் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த வட்டாரத்தில் வாழ்பவர்களும் சித்தேரி மக்களைப் போலப் பழங்குடியினர்தாம். எங்கள் நிலம் போயிற்றே என்பது அவர்கள் முறையீடு. திறப்பு விழாவன்று தங்கள் கிராமங்களில் துக்கம் காப்போம், அடுப்பு மூட்ட மாட்டோம் என்று அவர்களுடைய தலைவர்கள் அறிவித்தார்கள்.

அடுப்பு மூட்டாத வீடு என்றால் என்ன அர்த்தம் என்று நம்மைப் போன்ற பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். சாவு விழுந்த வீட்டில்தான் அடுப்பு எரியாது. அப்படி ஒரு சொல் ஒரு தாயின் வாயிலிருந்தும் வராதபடி நடந்துகொண்டால், 600 அடிச் சிலைக்கும் அதனால் இன்னும் கௌரவம்தான்.

ஆகவே சகோதரிகளே, பெரிய சிலையைப் பார்க்கப் போனால் தாராளமாக அண்ணாந்து பாருங்கள். மூக்கு சரியா, முழி சரியா என்று ஆசை தீர வம்பு பேசுங்கள். சொந்தம் என்று நினைப்பதனால்தானே பேசுகிறோம்! பேசி முடித்த பிறகு, புறப்படுமுன் ஒரு நிமிஷம் தலையைத் தாழ்த்தி, சிலையின் நிழல் விழுகிற வீடுகளையும் பாருங்கள். அங்கே அடுப்புப் புகைந்துகொண்டிருந்தால் மனநிறைவோடு ஊர் திரும்பலாம்.