சுறா கடித்த கால்

பொய் சொல்லிப் பிழைக்கிறவன் நான். கதை எழுதுகிறவனுக்கு வேறென்ன தொழில்? ஆகவே பொய்யைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. கதைக்கும் மோசடிக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. கதை, 'நான் கதை' என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே அழைக்கிறது. மோசடியோ சரித்திரத்தின் வேஷத்தில் வருகிறது.

இதை எனக்கு நினைவூட்டியது ஒரு மதுக் கோப்பை. முகம் சுளிக்கும் வாசகர்கள் மன்னிக்க வேண்டும். நான் குடிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை.

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் அண்ணன் மகன், ஒரு மாலை மொட்டை மாடியில் சீசாக்களைப் பரப்பினான். பூஜைக்கு உட்கார்ந்தவன் போல அத்தனை சிரத்தை. வருஷக்கணக்கில் மரப் பீப்பாயில் கிடந்த ஜமைக்கா ரம் இரண்டு அவுன்ஸ். அப்போதுதான் பிழிந்த ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு. ஆரஞ்சுத் தோல் மணக்கும் குராசோ மது அரை அவுன்ஸ். வாதுமைப் பாலில் காய்ச்சிய 'ஓர்ஷா' என்ற பாகு அரை அவுன்ஸ். கற்கண்டுப் பாகு கால் அவுன்ஸ். எல்லாவற்றையும் பொடித்த ஐஸோடு குலுக்கிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினான். பிழிந்த எலுமிச்சை மூடி ஒன்றை மிதக்கவிட்டு, ஒரு கொத்துப் புதினாவைச் செருகினான்.

"சித்தப்பா, இதுக்குப் பேரு மாய் டாய். ஹவாய்த் தீவுக்காரங்களோட பரம்பரைப் பானம், ஆதி காலத்திலேருந்து குடிக்கிறாங்க" என்றான்.

ஒரு வாய் குடித்தேன். பொய் சொல்வானேன், நன்றாகவே இருந்தது. புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று மிஞ்சாமல், கடைசியில் வாதுமை மணந்தது. அவன் சொன்ன சரித்திரம்தான் தொண்டையில் சிக்கியது.

ஆதி காலமாவது, மண்ணாவது! வெள்ளைக்காரன் கப்பல் வரும்வரை அந்தத் தீவுகளில் மது வடிக்கும் வித்தையே கிடையாது. அவர்கள் குடித்தது கவா என்ற செடியின் வேரை இடித்துக் கரைத்த நீர். இந்தக் கோப்பை பிறந்தது கலிபோர்னியாவில் ஓக்லண்ட் நகரத்து ஹோட்டல் ஒன்றில், 1944-ல். கலந்தவர் விக்டர் பெர்ஜரான். 'டிரேடர் விக்' என்பது அவர் சூட்டிக்கொண்ட பட்டம். தாஹித்தித் தீவில் குடியிருந்த நண்பர்களுக்குக் கொடுத்தாராம். அவர்கள் அந்த ஊர்ப் பாஷையில் 'பிரமாதம்' என்றார்களாம். அந்தச் சொல்லே பெயராகிவிட்டது. இதுவும் பெர்ஜரானே சொன்ன கதைதான்.

பெர்ஜரான் சின்ன வயதில் காச நோயால் ஒரு காலை இழந்தவர். வாடிக்கைக்காரர்களிடம் சுறா கடித்துவிட்டது என்று அளப்பாராம். அந்தப் பொய்யை நான் ரசிக்கிறேன். அவர் கால், அவர் கதை. யாருக்கு நஷ்டம்?

அவருக்கு முன்பே ஹாலிவுட்டில் தென்னை ஓலையும் மூங்கிலும் கட்டி இந்த வியாபாரத்தைத் தொடங்கியவர் டான் பீச். மாய் டாய்க்கு மூலம் 1933-ல் தாம் கலந்த ஒரு பானமே என்பது அவர் கட்சி. இருவர் வழக்கும் வருஷக்கணக்கில் நடந்தது. நான் கேட்கிறேன்: இரண்டு முதலாளிகளின் சண்டையா இதன் சரித்திரம்? டான் பீச்சின் கடையில் குலுக்கிக் கை சோர்ந்தவர்கள் பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர்கள். செய்முறை வெளியே போகாதிருக்கச் சீசாக்களில் பெயருக்குப் பதில் எண்ணும் குறியும் ஒட்டியிருந்தார் முதலாளி. கலக்கிறவனுக்கே தான் கலப்பது என்னவென்று தெரியக் கூடாது!

1953-ல் பெர்ஜரான் இந்தப் பானத்தை ஹவாய் ஹோட்டல்களுக்குக் கொண்டுபோனார். பரம்பரைப் பானம் தன் பரம்பரை வீட்டுக்கு முதன்முதலில் வந்தது அப்போதுதான்! அங்கே அதன் தலையில் அன்னாசிச் சாற்றையும் கொட்டினார்கள். அன்னாசியாவது அந்த மண்ணுடையதா? அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1893-ல் ஹவாய் ராணி லிலியுஓகலானியைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கியவர்கள் தங்கள் அரசுக்குத் தலைவராக்கியது சான்ஃபோர்ட் டோல் என்பவரை. அவருடைய உறவினர் ஜேம்ஸ் டோல் 1901-ல் தொடங்கியதுதான் அன்னாசிக் கம்பெனி. இவ்வளவும் அந்தத் துண்டுப் பழத்துக்குள் இருக்கிறது.

"வேடிக்கைக்குக் குடிக்கிற சமாச்சாரத்துக்கு இவ்வளவு கோபமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மதுக் கடைகளுக்கு 'டிக்கி' என்று பெயர். மவோரி மக்களின் ஐதீகத்தில் டிக்கி முதல் மனிதன். மூதாதையர்களின் செதுக்குருவங்களுக்கும் அதுவே பெயர். அந்த உருவத்தைக் குடுவையாக்கி, மண்டையில் ரம் ஊற்றி, உறிஞ்சுகுழல் செருகித் தருகிறார்கள். நம் ஊர் எல்லை ஐயனாரின் தலையை இப்படிக் குடைந்து நீட்டினால், வேடிக்கை என்று நீங்களும் நானும் சிரிப்போமா?

நமக்கு இதில் இன்னொரு பாத்தியதையும் உண்டு. பதினேழு வருஷத்துப் பழைய ஜமைக்கா ரம் தீர்ந்துபோனதும், பெர்ஜரான் பிற்பாடு மார்த்தினீக் தீவின் ரம்மையும் சேர்த்துக் கலந்தார். அந்தத் தீவில் 1848-ல் அடிமைமுறை ஒழிந்தது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853 முதல் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கப்பல் ஏற்றினார்கள். அவர்கள் அங்கே கரும்பு வெட்டினார்கள். மாரியம்மனையும் கூடவே கொண்டுபோனார்கள். தென்கடல் தீவு என்றால் சுற்றுலாக்காரனுக்குத் தென்னை நிழல். நமக்கோ, பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதி பாடியது ஞாபகம் வர வேண்டும். ரம் என்பது கரும்பு. கரும்பு என்பது யாரோ ஒருவருடைய முதுகு.

இதற்காகக் கோப்பையை உடைக்கச் சொல்லவில்லை. ருசியாகக் கலப்பதும் ஒரு தொழில் நேர்த்திதான். பெர்ஜரானிடம் அது இருந்தது. எலுமிச்சையின் புளிப்பை அளந்த அந்தக் கைக்கு என் வணக்கம். அந்தப் பெருமை அவருக்குப் போதாதா? தம் காலைப் பற்றி அவர் என்ன கதை வேண்டுமானாலும் கட்டட்டும். ஆனால் வாயில்லாத ஜனங்களின் தெய்வத்தையும் பெயரையும் எடுத்துக் கடைக்குத் தோரணம் கட்டியது எந்த நியாயம்? அதையே அவர்கள் சரித்திரம் என்று உலகத்துக்கு விற்பது எந்த நியாயம்?

மறுநாள் மாலையும் மாடியில் ஐஸ் குலுங்கியது. "சித்தப்பா, இன்னிக்கும் ஒண்ணு?" என்றான் பையன்.

"கொடு. ஆனா என்னன்னு சொல்லிக் கொடு" என்றேன்.

தலையைச் சொறிந்தான். "ஓக்லண்ட், 1944. ஜமைக்கா ரம்" என்றான். கொஞ்சம் யோசித்து, "காரைக்கால்" என்றும் சேர்த்தான்.

வாங்கிக்கொண்டேன்.